விடுபடாமல் அடித்த பெயிண்ட்

வாசகப் பெருமக்கள் முதலில் என்னைப் பொறுத்தருள வேண்டும். முப்பத்தொரு ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பிறர் எழுதியதில் பிழை காண்பதே என் தொழிலாக இருந்தது. விடுப்பு விண்ணப்பங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், சொந்தமாக ஒரு பத்திகூட நான் எழுதியதில்லை. அப்படிப்பட்டவன் கதை எழுதத் துணிவதே பிழை. அதற்கு ஒரு பழைய லாரியைப் பொருளாக எடுத்துக்கொள்வது அதைவிடப் பெரிய பிழை. ஆயினும், அந்த லாரிக்கு என்னதான் ஆயிற்று என்று கேட்பவர்களிடம் என் மனைவி ஒரு விதமாகவும் என் மைத்துனர் வேறு விதமாகவும் சொல்லி வருகிறார்கள். இருவர் சொல்வதிலும் நான் முட்டாளாகத்தான் வருகிறேன் என்றாலும், விவரங்கள் ஒத்துப்போகவில்லை. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்க விரும்புகிறேன். தவறு என்னுடையது, அதை இப்போதே ஒப்புக்கொள்கிறேன்.

என் மைத்துனர், அதாவது என் மனைவியின் தம்பி, பதினாறு வருடங்கள் பிறருடைய லாரிகளை ஓட்டியவர். முப்பத்தெட்டு வயதாகியும் திருமணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "ஒரு வண்டியை மேய்க்கவே முடியல, இதுல வீட்டுக்கு வேற ஒண்ணா?" என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுவார். அவருடைய சேமிப்பும் என் ஓய்வுத்தொகையில் ஒரு பகுதியும் சேர்ந்து, ஏழு டன் சுமக்கக்கூடிய, பத்தொன்பது வயதான ஒரு லாரியை வாங்கினோம். அதை நம்பி அவர் சம்பள வேலையை விட்டார்.

லாரிக்கு ஒரே ஒரு வேலை. ஊரின் பெரிய சலவை நிலையம் மூன்று மருத்துவமனைகளுக்குத் துணி துவைத்துக் கொடுக்கிறது. படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவை அறைப் பச்சைத் துணி எல்லாவற்றையும் மூட்டை மூட்டையாக விடியற்காலையில் கொண்டு சேர்த்துவிட்டு, அழுக்குத் துணியைத் திரும்ப ஏற்றி வர வேண்டும். முதல் மருத்துவமனைக்குக் காலை ஆறரை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்பது நிபந்தனை. அங்கே ஏழு மணிக்கு அறுவை சிகிச்சை தொடங்கிவிடும். ஒரே மாதத்தில் மூன்று முறை தாமதமானால் ஒப்பந்தம் தானாகவே ரத்தாகும். இந்த விதி எனக்கு மிக நன்றாகத் தெரியும். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்து, அதிலிருந்த நான்கு எழுத்துப் பிழைகளைத் திருத்திக் கொடுத்தவனே நான்தான்.

பழைய லாரி வைத்திருப்பவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ரேடியேட்டர் ஒழுகும், அதை அடைத்தால் வாட்டர் பம்ப் ஒழுகும். பின்சக்கர ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்று உடையும். அதை மாற்றினால், பக்கத்தில் இருந்த பழைய பட்டை புதியதைப் பார்த்துப் பொறாமைப்பட்டதுபோல மறுவாரமே உடையும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். விரல் அகல ரப்பர் வளையம் ஒன்றுக்காகக் கியர் பாக்ஸையே கீழே இறக்க நேரிடும். வளையத்தின் விலையைக் கேட்டால் சிரிப்பு வரும். இறக்கி ஏற்றும் கூலியைக் கேட்டால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும். இவையெல்லாம் நாங்கள் எதிர்பார்த்த நோய்கள். முதல் ஐந்து மாதமும் அவற்றோடு மல்லுக்கட்டித்தான் லாரியை ஓட்டினோம். ஒரு நாளும் தாமதமாகவில்லை.

ஐந்தாம் மாதக் கடைசியில் சலவை நிலையத்து மேலாளர் அம்மையார் ஒரு குறை சொன்னார். லாரியின் அடியிலிருந்து துருச் சிதறல்கள் உதிர்ந்து, மூட்டை ஏற்றும் தளத்தில் விழுகின்றனவாம். ஆஸ்பத்திரித் துணி வந்துபோகும் இடம் இப்படி இருக்கலாமா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் அடிக்க ஒரு பெயிண்டர் கேட்ட கூலியில் இரண்டு டயர் வாங்கலாம். அந்த மாத இறுதியில் கொதிகலன் சுத்தம் செய்வதற்காகச் சலவை நிலையத்தை நான்கு நாட்கள் மூடினார்கள்.

"நான் அடிக்கிறேன் மாப்பிள்ளை," என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்? கண்ணுல படற இடத்துல நாலு இழுப்பு இழுத்தாப் போதும்."

"செய்யறதைத் திருத்தமாச் செஞ்சிடலாம்."

என் மனைவி உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "அவரு கிட்ட விட்டுட்டேல்ல, லாரிக்கு அடியில கமா, முற்றுப்புள்ளி எல்லாம் வச்சிட்டுத்தான் வெளிய வருவாரு."

நான்கு நாட்கள் அந்த லாரியின் அடியில் மல்லாந்து கிடந்தேன். லாரியின் முதுகெலும்பான நீளமான இரும்புச் சட்டத்தைச் சேசிஸ் என்பார்கள். அதைக் கம்பித் தூரிகையால் தேய்த்தேன். குறுக்கே வந்த ஒவ்வொன்றையும் கழற்றினேன். கழற்றிய போல்ட்டுகளை உறைகளில் போட்டு, எது எந்த இடத்தது என்று மேலே எழுதிவைத்தேன். பேட்டரியிலிருந்து வந்த தடித்த கம்பி ஒன்று சேசிஸில் போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. எஞ்சினிலிருந்து வந்த பின்னல் பட்டை ஒன்றும் அதேபோல் முடுக்கப்பட்டிருந்தது. இரண்டையும் கழற்றியபோது, துருப்பிடித்த அந்தச் சட்டத்தில் அந்த இரண்டு இடங்கள் மட்டும் காசளவு வட்டங்களாகப் பளபளவென்று வெறும் இரும்பாகத் தெரிந்தன. முன்பு அடித்தவர் சோம்பேறித்தனமாக விட்டுவிட்டுப் போன இடங்கள் என்று எண்ணினேன். விடுபட்ட எழுத்தைக் கண்டால் என் கை சும்மா இருக்காது. ஒரு பூச்சு ப்ரைமரும் அதன்மேல் இரண்டு பூச்சுக் கறுப்புப் பெயிண்டும் அடித்தேன். பின்விளக்குகள் பொருந்தும் இடங்களுக்கும் அவ்வாறே. நன்றாகக் காயவிட்ட பிறகு எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் பூட்டினேன்.

மைத்துனர் குனிந்து பார்த்துவிட்டு, "அத்தான், இதுக்கு அடியில பாய் போட்டுப் படுக்கலாம் போல இருக்கே!" என்றார். மேலாளரும் பாராட்டினார். நான் மூன்று நாட்கள் பெருமையாக நடந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்கு மைத்துனர் சாவியைத் திருப்பியபோது, "டக்" என்ற ஒரு சத்தம் மட்டும் வந்தது. எஞ்சின் சுழலவில்லை. சலவை நிலையத் தொழிலாளர்கள் ஏழு பேர் தள்ளி லாரியைக் கிளப்பினார்கள். முதல் மருத்துவமனையை அடைந்தபோது ஆறு ஐம்பது. அது முதல் தாமதம்.

எங்கள் லாரியைப் பழுதுபார்ப்பவர்கள் இருவர். அக்காள் தங்கையை மணந்த சகலைகள் அவர்கள். ஒரே தகரக் கொட்டகையின் இடப்பக்கத்தில் பெரிய சகலை எஞ்சின் வேலை பார்ப்பார். வலப்பக்கத்தில் சின்ன சகலை வயரிங் வேலை பார்ப்பார். கருவிகள் பொது, தேநீர்க் கெண்டி பொது, வசவும் பொது.

"பேட்டரி செத்துப் போச்சு," என்றார் சின்ன சகலை.

"போன வருஷம்தானே மாத்தியிருக்காங்க, பில்லு இருக்கே?" என்றார் மைத்துனர்.

"போன வருஷம் பொறந்தது இந்த வருஷம் சாகக் கூடாதுன்னு எங்கயாவது சட்டம் இருக்கா?"

இரண்டு புதிய பேட்டரிகள் வாங்கினோம். புதியவை ஆதலால், ஒரு வாரம் முரட்டுத்தனமாக எஞ்சினைச் சுழற்றின. நோய் தீர்ந்தது என்று நம்பினோம்.

அதன்பின் லாரியின் போக்கு விபரீதமாயிற்று. பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்க இண்டிகேட்டர்களும் மங்கலாக எரிந்தன. இடப்பக்க இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்குகள் எல்லாம் சேர்ந்து கண்சிமிட்டின. முகப்பு விளக்கைப் போட்டால் டீசல் அளவு காட்டும் முள் மேலே ஏறிற்று.

"விடிய விடிய லைட்டைப் போட்டு வச்சா டேங்க் தானா நிரம்பிடும் போல இருக்கு அத்தான்," என்றார் மைத்துனர். அவர் சிரிக்கவில்லை.

பதினேழாம் தேதி நிகழ்ந்தது அதைவிட மோசம். சாவியைத் திருப்பியதும் மிதிபலகைக்குக் கீழிருந்து புகை வந்தது. ஆக்ஸிலேட்டர் கேபிளின் உறை உருகி, உள்ளே ஓடும் கம்பி அதிலேயே ஒட்டிக்கொண்டது. மிதித்தால் அசையவில்லை. பெரிய சகலை தூக்கக் கலக்கத்தோடு வந்து, வேறொரு கேபிளை மாட்டி லாரியை அனுப்பியபோது மணி ஆறு நாற்பது ஆகிவிட்டது. மருத்துவமனையில் ஏழு ஐந்து. இரண்டாம் தாமதம். மேலாளர் அம்மையார் கடிதம் அனுப்பினார். மிகக் கண்ணியமான கடிதம். அதில் பிழை ஒன்றும் இல்லை.

இனி ஒரு முறை தாமதமானால் லாரிக்கு வேலை இல்லை. மைத்துனருக்கும் வேலை இல்லை. அந்த மாதத்தில் இன்னும் பதின்மூன்று நாட்கள் பாக்கி இருந்தன. என் மைத்துனர் சலவை நிலைய வாசலில் லாரிக்குள்ளேயே உறங்கத் தொடங்கினார். சரிவான தெருவாகத் தேடி லாரியை நிறுத்தினார். சாப்பிடும்போதும் அவருடைய வலக்கை சாவியைத் திருப்புவதுபோல லேசாகத் திரும்பிக்கொண்டிருந்ததை நான் கவனித்தேன்.

கொட்டகையில் போர் மூண்டது.

"செல்ஃப் மோட்டார் இழுக்கல. அதுதான் கோளாறு," என்றார் சின்ன சகலை.

"மோட்டாரு நல்லாத்தான் இருக்கு. உன் வயர்லதான் கோளாறு. கேபிள் ஏன்டா எரியுது? அது கரண்டு போற வழியா?"

"கேபிள் நீ வாங்கிப் போட்டது. மட்டச் சரக்கைப் போட்டுட்டு என்னைக் கேட்டா?"

"நான் மட்டச் சரக்கா? உன் மாமனாரு உனக்கு என்னைப் பாத்துத்தான்டா பொண்ணே குடுத்தாரு!"

"அந்தக் கோபம்தான் எனக்கு இன்னும் போகல!"

நான் குறுக்கிட்டேன். "ஐயா, நடுவுல பேசறதுக்கு மன்னிக்கணும்..."

"நீங்க இருங்க சார்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில். அவர்கள் ஒத்துப்போன ஒரே விஷயம் அது.

யார் சொல்வது சரி என்று தெரியாததால், இருவர் சொன்னதையும் செய்தோம். வயிற்றெரிச்சலோடு எழுதுகிறேன்: எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும், பழுதாகாத செல்ஃப் மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினோம். பேட்டரிக்கு மின்சாரம் ஊட்டும், பழுதாகாத ஆல்டர்னேட்டரைக் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டினோம். அந்த வேலைகளுக்காக லாரி கொட்டகையில் நின்ற நான்கு நாட்களும் வாடகைக்கு வேறு லாரி பிடித்து மூட்டைகளை அனுப்பினோம். லாரி திரும்பி வந்த மறுநாள், புதிய கேபிளும் உருகியது. நல்லவேளை, அது அழுக்குத் துணி ஏற்றி வரும் நேரம். தாமதக் கணக்கில் சேரவில்லை. கொட்டகையின் நடுவே சின்ன சகலை ஒரு தகரத் தடுப்பை எழுப்பினார். தேநீர்க் கெண்டி பெரிய சகலையின் பக்கம் தங்கிவிட்டது. அவர்கள் மனைவிமார்களும் பேச்சை நிறுத்திக்கொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை உணவின்போது என் மனைவி சொன்னாள்: "இந்த லாரிக்குச் செஞ்ச செலவுல ஒரு பிள்ளையைப் படிக்க வச்சிருந்தா, அது இந்நேரம் தானா ஸ்டார்ட் ஆகி ஓடியிருக்கும்." சற்று நேரம் கழித்து, "ஏங்க, நீங்க பெயிண்ட் அடிச்சதுக்கு அப்புறந்தானே இதெல்லாம்?" என்றாள்.

நான் வாய் திறக்கும் முன் மைத்துனர் எனக்காகப் பரிந்து பேசினார். "என்னக்கா பேசற? இரும்புக்குப் பெயிண்ட் அடிச்சா எஞ்சினுக்குக் காய்ச்சல் வருமா? இந்த வண்டியில உருப்படியா இருக்கறது அத்தான் செஞ்ச அந்த ஒரு வேலைதான்."

நான் நன்றியோடு அவரைப் பார்த்தேன். என் மனைவி, "அதுவும் சரிதான்," என்று இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். அன்று ஒருவர், ஒரே ஒருவர், குனிந்து அந்தப் போல்ட்டுகளைப் பார்த்திருந்தால் போதும். நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

இருபத்தெட்டாம் தேதி வந்தது. அம்மாதத்துக்கு முப்பது நாட்கள். இன்னும் மூன்று காலைகளைக் கடந்துவிட்டால் தாமதக் கணக்கு அழிந்து புதிதாகத் தொடங்கும். எதற்கும் இருக்கட்டும் என்று அன்று நானும் உடன் போயிருந்தேன். ஐந்து நாற்பதுக்கு மைத்துனர் சாவியைத் திருப்பினார். டக். மறுபடியும் திருப்பினார். இம்முறை அந்த டக் கூட இல்லை. சலவை நிலையத்துத் தளம் சமதளம். மூட்டைகள் நிறைந்த லாரியை, இருந்த நான்கு பேரால் அசைக்கக்கூட முடியவில்லை.

மைத்துனர் தொலைபேசியில் இரண்டு சகலைகளையும் அழைத்தார். அழைத்தார் என்பது மரியாதைக்காக நான் இட்ட சொல்; அவர் கத்தியது நீராவிக் குழாய்களின் இரைச்சலையும் மீறிக் கேட்டது. சின்ன சகலை ஸ்கூட்டரின் கால்மிதியில் ஒரு பேட்டரியை வைத்துக்கொண்டு வந்தார். பெரிய சகலை பின்னாலேயே வந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

சின்ன சகலை தடித்த வயர்கள் இரண்டை எடுத்தார். சிவப்பு வயரின் ஒரு முனையைத் தம் பேட்டரியிலும் மறு முனையைச் செல்ஃப் மோட்டாரிலும் கடிக்க வைத்தார். கறுப்பு வயரை வழக்கம்போல் சேசிஸில் கடிக்க வைத்தார். கிளிப்பு வழுக்கி விழுந்தது. மறுபடியும் மாட்டினார், மறுபடியும் வழுக்கிற்று.

"என்னய்யா இது, எண்ணெய் தடவின மாதிரி வழுக்குது?" என்றவர், எரிச்சலில் அந்தக் கிளிப்பை எஞ்சினின் மேலிருந்த இரும்புக் கொக்கியில் நறுக்கென்று கடிக்க வைத்து, "திருப்பு!" என்றார்.

மைத்துனர் சாவியைத் திருப்பினார். எஞ்சின் ஒரே உறுமலில் எழுந்தது. அவ்வளவு சுலபமாக அது கிளம்பியதை அந்த மாதத்தில் நாங்கள் பார்த்ததே இல்லை.

சின்ன சகலை சிரிக்கவில்லை. "நிறுத்து," என்றார். கிளிப்பை எடுத்துச் சேசிஸில் அழுத்திப் பிடித்தார். "திருப்பு." ஒன்றும் இல்லை. மீண்டும் கொக்கியில் மாட்டினார். "திருப்பு." உறுமல். லாரியின் அடியில் புகுந்தார். சற்று நேரத்தில் ஸ்க்ரூடிரைவரால் எதையோ சுரண்டும் ஓசை கேட்டது. பிறகு அவர் குரல் வந்தது, மிகவும் தணிவாக.

"சார், பெயிண்ட் அடிச்சது நீங்கதானே?"

"ஆமாம் ஐயா."

"எத்தனை பூச்சு?"

"ப்ரைமர் ஒண்ணு. அதுக்கு மேல ரெண்டு."

"எர்த் கம்பியைக் கழட்டி, அதுக்கு அடியிலயுமா அடிச்சீங்க?"

"விடுபடக் கூடாதுன்னு..."

வெளியே வந்து எனக்கு விளக்கினார். பேட்டரியிலிருந்து போகும் மின்சாரம் மீண்டும் பேட்டரிக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பும் சாலையே அந்தச் சேசிஸ்தான். கம்பி முடுக்கப்படும் இடத்தில் வெறும் இரும்பும் வெறும் இரும்பும் தொட வேண்டும். நான் அந்தச் சாலையின் இரு முனைகளிலும் மூன்று பூச்சில் கதவு சாத்திவிட்டேன். திரும்ப வழியில்லாத மின்சாரம், கிடைத்த சந்து பொந்துகளில் எல்லாம் புகுந்தது. பாவம், அந்த ஆக்ஸிலேட்டர் கேபிள் அதற்கு அகப்பட்ட ஒரு சந்து. போல்ட்டின் மரைகள் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததால் முதல் எட்டு நாட்கள் சமாளித்திருக்கிறது.

"நீ வயர்மேன்தானே, இத்தனை நாளா எர்த்தைப் பாக்கலியா?" என்றார் பெரிய சகலை.

"ஒவ்வொரு தடவையும் பேட்டரி முனையிலயே வச்சு டெஸ்ட் பண்ணிட்டேன். அடியிலதான் அவ்வளவு சுத்தமா இருந்துச்சே... பாத்த கண்ணுக்குச் சந்தேகமே வரல. நீ மட்டும் என்ன, மோட்டாரை மாட்டறப்போ மூஞ்சிக்கு நேரா இருந்துச்சு அந்தப் பட்டை!"

"ஊசி போற எடத்தைத் தேடிக்கிட்டே உலக்கை போற எடத்தை விட்டுட்டோம்," என்றார் பெரிய சகலை. சமாதானமாகச் சொன்னதுபோல்தான் இருந்தது. ஆனால் அவர் அதைச் சின்ன சகலையிடம் சொல்லவில்லை, என்னிடம் சொன்னார்.

மைத்துனர் கையில் கிரீஸும் கரியுமாக ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கம்பியைச் சுரண்டிப் பூட்ட நேரமில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, அணைக்காமலே புறப்பட்டோம். மணி ஆறு இருபது. இருபத்தைந்து நிமிட வழி.

வழியில் நான் மூன்று முறை மன்னிப்புக் கேட்டேன். "இப்ப பேசாதீங்க அத்தான், கண்ணு ரோட்ல இருக்கு," என்று மட்டும் சொன்னார்.

மருத்துவமனையின் பின்வாசலில் சரக்கறைக் காப்பாளர் காத்திருந்தார். நல்ல மனிதர். எத்தனை மூட்டை, எந்தத் தேதி, எத்தனை மணி என்று எழுதிக் கையொப்பமிடும் ரசீது ஒன்று அவரிடம் இருக்கும். அதன் அசல்தான் மேலாளரிடம் போகும். எங்கள் முகங்களைப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி, எதிர்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார்.

"என் கண்ணாடி உள்ள இருக்கு. நீங்களே நேரத்தைப் போட்டுக்குங்க. நான் கையெழுத்து மட்டும் போட்டுடறேன்," என்றார். "ஆபரேஷன் துணியை முதல்ல இறக்குங்க, ஒண்ணும் கெட்டுப் போயிடல."

மைத்துனரின் கண்களில் அந்த மாதத்தில் முதல் முறையாக ஓர் ஒளி தெரிந்தது. தம் கைகளைப் பார்த்தார், கிரீஸ். "அத்தான், நீங்க எழுதிடுங்க," என்று மூட்டை இறக்க ஓடினார்.

இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. நான் பொய் எழுத மறுத்தேன் என்று பெருமை பேச எனக்கு உரிமை இல்லை. நேர்மை, கொள்கை எதுவும் அப்போது என் மனத்தில் இல்லை. மூட்டைகள்: நாற்பத்திரண்டு. தேதி: இருபத்தெட்டு. அடுத்த கட்டத்தில் 'நேரம்' என்றிருந்தது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 6.48 என்று, அழகான உருண்ட எழுத்தில் எழுதினேன். முப்பத்தொரு வருடப் பழக்கம். கட்டம் கேட்டதைக் கை நிரப்பிவிட்டது. காப்பாளர் ரசீதை வாங்கி, கண்ணுக்கு அருகே பிடித்துப் பார்த்தார். என்னையும் ஒரு முறை பார்த்தார். கையொப்பமிட்டு, நகலைக் கிழித்து எங்களிடம் தந்து, அசலைச் சலவை நிலையத்துக்குச் செல்லும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

மைத்துனர் நகலைப் படித்தது லாரிக்குள் ஏறிய பிறகுதான்.

"இது என்ன அத்தான்?"

"நேரம்."

"ஆறரைன்னு எழுதினா கை ஒடிஞ்சிடுமா? அந்த மனுஷன் செவுத்தைப் பாத்து நின்னாரே, எதுக்கு? செவுத்துல படம் ஓடுதுன்னா?"

"தெரியாம... கை எழுதிடுச்சு மாப்பிள்ளை. நான் வேணா உள்ள போய்..."

"உறையை ஒட்டியாச்சு." ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, முன் கண்ணாடியைப் பார்த்தபடியே கத்தினார். "உங்களுக்கு வாழ்க்கையில ஒரு வேலையையாவது அரைகுறையாச் செய்யத் தெரியாதா? ஊரு ஒலகத்துல எல்லாரும் அரைகுறையாத்தானே செய்யறான்! பெயிண்ட் அடிக்கறவன் போல்ட்டைச் சுத்தி அடிப்பான். நேரம் போடறவன் ஆறரைன்னு போடுவான். வண்டி ஓடும்! நீங்க மட்டும் ஏன் அத்தான், நீங்க மட்டும் ஏன்?"

எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க எங்களுக்குத் துணிவில்லை. மற்ற இரண்டு மருத்துவமனைகளுக்கும் அப்படியே போனோம்.

மாலையில் சின்ன சகலை ஒரு துண்டு உப்புத்தாளால் அந்த இரண்டு வட்டங்களையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிக் கம்பிகளை முடுக்கினார். பத்து நிமிடம் ஆயிற்று. கூலி வேண்டாம் என்றார். சாவியைத் தொட்டதும் லாரி கிளம்பியது. பிரேக்கை மிதித்தால் பிரேக் விளக்கு மட்டுமே எரிந்தது. டீசல் முள் தன் இடத்தில் நின்றது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

மறுநாள் நான் மட்டும் மேலாளர் அம்மையாரைப் பார்க்கப் போனேன். குற்றம் என்னுடையது, ஓட்டுநருடையது அல்ல என்று எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"எனக்கு உங்க மேலயோ அவர் மேலயோ ஒரு வருத்தமும் இல்ல சார். ரசீதுல ஆறரைன்னு இருந்திருந்தா நான் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். எழுதி வந்துட்டதை நான் எப்படி அழிக்கறது? மேல இருக்கறவங்க கேப்பாங்க." பிறகு ரசீதைப் பார்த்தார். "யார் எழுதினது? ரொம்பத் தெளிவான எழுத்து."

அடுத்த மாதம் முதல் தேதியிலிருந்து வேறொரு லாரி அந்த மூட்டைகளைச் சுமக்கிறது. எங்கள் லாரிக்கு ஆறு வாரம் வேறு வேலை தேடினோம். பத்தொன்பது வயது என்றதும் எல்லோரும், "பாக்கலாம்," என்றார்கள். கடைசியில் ஒரு செங்கல் வியாபாரி வாங்கிக்கொண்டார். மைத்துனர் மறுபடியும் இன்னொருவரின் லாரிக்குச் சம்பள ஓட்டுநராகப் போய்விட்டார், வெளியூர் ஓட்டம். என் மனைவி என்னைத் திட்டவில்லை. திட்டினால் தேவலை என்று தோன்றுகிறது.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இழந்தவற்றை இங்கே எழுதிவைக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

பேட்டரிகள் இரண்டு, இருபத்துநாலாயிரம். செல்ஃப் மோட்டார் ஒன்று, பதினோராயிரம். ஆல்டர்னேட்டர் ஒன்று, பதினாலாயிரம். ஆக்ஸிலேட்டர் கேபிள்கள் இரண்டு, மூவாயிரம். நான்கு நாள் வாடகை லாரி, பதினெட்டாயிரம். இரு சகலைகளுக்கும் கொடுத்த கூலி, ஒன்பதாயிரம். ஆக எழுபத்தொன்பதாயிரம்.

லாரியை விற்றதில், வாங்கிய விலையில் பாதிக்குச் சற்று மேல்.

ஒப்பந்தத்தில் மீதமிருந்த ஒரு வருடம் ஆறு மாதங்கள்.

சகலைகளின் பொதுக் கொட்டகை. தகரத் தடுப்பு இன்னும் நிற்கிறது.

மைத்துனர் எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்க வேண்டிய ஞாயிற்றுக்கிழமைகள், இன்றுவரை ஒன்பது.